கோப்பியைக் கூப்பிடாதே

தம்பி,

மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. கிள்ளானில் மத்தியான மழை விட்டதும் ஒரு வெளிச்சம் வருமே, உனக்கு ஞாபகம் இருக்கும். எதிர்வீட்டுத் தகரக்கூரை மஞ்சளாக மினுங்கும், காற்றில் காயாத துணி வாசம் வரும், தாமான் குடியிருப்பு முழுவதும் பாதிக் கனவில் இருப்பதுபோல ஒரு வீட்டிலும் பேச்சுச் சத்தம் இருக்காது. அந்த வெளிச்சத்தில் முன் ஹாலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் அப்பா நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். கோப்பி கிரில் கதவுக்கு இந்தப் பக்கம் என் பழைய கைலிமேல் படுத்து, ஒரு காதை மட்டும் தூக்கி வைத்திருக்கிறாள். நான் எழுதுவதை நிறுத்தினால் அந்தக் காது என் பக்கம் திரும்புகிறது. எழுத ஆரம்பித்தால் மறுபடி வாசல் பக்கம் போய்விடுகிறது.

நேற்றுச் சாயங்காலம் போனில் நீ கேட்டாய். "அம்மா, செராஸ் வீட்டுச் சாவி கெடச்சிருச்சு. கீழ்மாடிதான், பின்னால கொஞ்சம் புல்லுத்தரையும் இருக்கு. கல்யாணம் முடிஞ்சதும் கோப்பிய நாங்க கூட்டிட்டுப் போறோம்மா. நீங்க என்ன சொல்றீங்க?" என்றாய். நான் என்ன சொன்னேன்? "பார்க்கலாம் லா, இப்ப என்ன அவசரம், அடுப்புல என்னமோ தீயுது" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் தீயவில்லை. அடுப்பே எரியவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிற பொம்பளை நான். என் வாயே அடைத்துப்போனது என்றால் உனக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று ஓடிவிடுவாய். எழுத்துக்குக் குறுக்கே பேச உன்னால் முடியாது. கோப்பியை உன்னோடு அனுப்புவேனா மாட்டேனா என்பது கடைசியில் வரும். சின்ன வயதில் கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாயே, அந்த வேலையை இங்கே காட்டாதே. வரிசையாகப் படி.

நீ அவளைக் கொண்டுவந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஜொகூருக்கு உன்னை மாற்றியிருந்த நேரம். பூச்சோங்கில் தெருநாய்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஆன்டியிடமிருந்து ஒரு கூண்டோடு வந்து நின்றாய். "ரெண்டே வாரம்மா. ஜொகூர்ல நாய் வெச்சுக்கிற மாதிரி ரூம் பார்த்ததும் எடுத்துக்கிறேன்" என்றாய். உன் அப்பா, "நாயா? இந்த வீட்டுக்குள்ளயா? அப்போ நான் வெளிய போறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். எங்கே போவார், மூலைக் கடைக்குத்தான். திரும்பி வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, "பால் ஊத்தாத கோப்பி மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான், பேர் வைத்தாகிவிட்டது. வெளியே போன மனுஷன் பேர் வைக்கத்தான் வந்தார் போல.

சாதாரணக் கம்பத்து நாய், ஜாதி கீதி இல்லாத தெருநாய். சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம், பழைய பலகைகளுக்கு நடுவில் அவளைப் பிடித்ததாக நீ சொன்னாய். எனக்கு அந்த ஊரின் ஒவ்வொரு பஸ் நிறுத்தமும் தெரியும். என் வயதின் பாதியை அங்கே எலக்ட்ரோனிக் சாமான் செய்கிற தொழிற்சாலையில்தான் தொலைத்தேன். அங்கே மெஷின் சத்தத்தில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அந்தக் குரல் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டால் அடுத்த லோரோங் சந்தில் இருக்கிற பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று உன் அப்பா கேலி செய்வார். அந்தக் குரலோடு நான் கூண்டுக்கு முன்னால் குனிந்து, "வாடி என் தங்கம்" என்றேன். ஆசையாகத்தான் சொன்னேன். அவள் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டு, கதவு திறந்ததும் தரையோடு ஊர்ந்து ஓடி, பின்பக்கக் குசினியில் துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் போய்ப் புகுந்துகொண்டாள். நீ என்னைப் பார்த்து, "அம்மா, வால்யூம்" என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். என் வீட்டில், என் குசினியில், நான் சமைத்துப் போடுகிற ஒரு ஜீவன் என்னைப் பார்த்து நடுங்குவதா? நீ ஜொகூர் போய்விட்டாய். சோறும் கோழியும் பிசைந்து வைத்தால் நாங்கள் படுத்த பிறகுதான் தட்டு காலியாகும். பகலில் மெஷினுக்குப் பின்னால் இரண்டு கண் மட்டும் தெரியும். மெஷினைப் போட்டால் அவளுக்கு உயிர் போகும் என்று நான் துணியைக் கையில் துவைக்க ஆரம்பித்தேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "நாய்க்கு மெஷினு, நமக்குக் கல்லா?" என்றார். என்றாலும் அவருடைய சட்டையை அன்று அவரே அலசிப் போட்டார்.

பொறுக்க முடியாமல் பூச்சோங் ஆன்டிக்குப் போன் போட்டேன். என்னைவிட வயதில் சின்னவள்தான், ஆனால் நீ ஆன்டி என்றால் எனக்கும் ஆன்டிதான். அவள் சொன்னாள்: "அக்கா, அவளப் பார்க்காதீங்க. கூப்பிடாதீங்க. கை நீட்டாதீங்க. பக்கத்துல போய் முதுகு காட்டி உக்காருங்க, உங்க வேலையப் பாருங்க. போதும்." நான் கேட்டேன், "என் வீட்ல நான் ஒரு நாய்க்கு முதுகு காட்டி உக்காரணுமா?" அவள் சிரித்தாள். "ஆமாக்கா. நம்ம கண்ணு அதுக்குப் பயம், நம்ம முதுகு பயமில்ல" என்றாள்.

சரி, முதுகுதானே என்று உட்கார்ந்தேன். மத்தியானச் சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, ஒரு பேசினில் நெத்திலியைக் கொட்டிக்கொண்டு, மெஷினுக்கு முதுகைக் காட்டி ஈரத்தரையில் பலகை போட்டு உட்காருவேன். நெத்திலித் தலையைக் கிள்ள வேண்டும், குடலை எடுக்க வேண்டும், இரண்டாகப் பிளக்க வேண்டும். கை தானாகச் செய்கிற வேலை. கிள்ளிய தலையைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே பின்னால் போடுவேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தலைகள் தரையில் அப்படியே கிடந்து, எறும்பு வந்தது. உன் அப்பா எட்டிப் பார்த்து, "எறும்பு வளர்க்கிறியா?" என்றார். பிறகு ஒரு நாள், வெளியே மழை வரப்போகிற இருட்டில், எனக்குப் பின்னால் சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. மொறுக். ஒன்றே ஒன்று. கிள்ளுகிற கையை அப்படியே நிறுத்தினேன், தம்பி. நீ முதன்முதலில் என் வயிற்றுக்குள் அசைந்தபோதும் இப்படித்தான், யாரிடமும் சொல்லாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உப்பு நெத்திலி நாய்க்கு ஆகாது என்று ஆன்டி திட்டிய பிறகு, தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டேன். ஊறியது மொறுக்கென்று கேட்காது. அதனால் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

அந்த மத்தியானங்களைப் பற்றி உனக்கு எப்படிச் சொல்வது? இத்தனை வருஷத்தில் என் வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. டிவி கிடையாது, ரேடியோ கிடையாது, என் வாயும் கிடையாது. தகரத்தில் வெயில் படபடக்கும். தூரத்தில் போர்ட் கிள்ளான் ரயில் போகிற சத்தம் வரும்போது பேசினில் தண்ணீர் லேசாக நடுங்கும். அரைத் தூக்கத்தில் நான் எங்கேயோ போய்விடுவேன். தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்புக்குள் பார்த்த மயிரிழைத் தங்கக் கம்பிகள் கண்ணுக்குள் வரும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தோளில் தோள் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்த தோழிகள் வருவார்கள். அவர்கள் பேரை மெல்லச் சொல்வேன். யாரிடமும் சொல்லாத கதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன், அதுவும் எனக்கே பாதி கேட்காத குரலில். எனக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது அதுவரை எனக்கே தெரியாது. ஒரு நாள் உன் அப்பா ஹாலில் இருந்து ஏதோ பழைய மெட்டை முனகுவது கேட்டது. கல்யாணமான புதிதில் அப்படி முனகுவார். எப்போது நிறுத்தினார் என்று யோசித்தேன். நிறுத்தவே இல்லையோ என்னவோ, என் சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லையோ.

அவரும் மாறினார். பேப்பரைப் பிரித்து உதறுகிற சத்தத்துக்கு அவள் பதறுகிறாள் என்று கண்டுபிடித்து, வாசலுக்கு வெளியே போய் நின்று பிரித்து, நாலாக மடித்துக்கொண்டு உள்ளே வருவார். மழையில் நனைந்துகொண்டு பேப்பர் பிரித்த நாளும் உண்டு. கேட்டால், "வெளிய வெளிச்சம் நல்லா இருக்கு" என்பார். அவரை இதைச் சொல்லிக் கிண்டல் பண்ணாதே, நிறுத்திவிடுவார்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் மெஷினை விட்டு வந்தாள். குசினி வாசல்வரை, அப்புறம் மேசைக்கு அடியில், அப்புறம் ஹாலின் ஓரம். தொடவிட மாட்டாள். கை உயர்ந்தால் ஓடுவாள். ஆனாலும் வீட்டில் இருக்கிறாள் என்று ஆகிவிட்டது. இரண்டு வாரம் என்றவன் வந்து வந்து போனாய், ரூம் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீ வரும்போதெல்லாம் அவள் மறுபடி மெஷினுக்குப் பின்னால் போய்விடுவாள். நீ முகம் வாடிப் போவாய். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் தீபாவளி வந்தது. நம் தாமானில் வெடிக்கிற வெடி உனக்குத் தெரியாததா? காதைப் பொத்திக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருந்தும், எல்லாம் போய்விட்டது. மறுபடி கண் மட்டும் தெரிந்தது. சோறு அப்படியே இருந்தது. விலாவெலும்பு துருத்த ஆரம்பித்தது. அவள் செத்துப்போவாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இங்கிருந்துதான் உனக்குத் தெரியாத கதை. "கோப்பி ஒருதடவ வெளிய ஓடி, திரும்பி வந்துட்டா" என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். முழுசாக இப்போது சொல்கிறேன்.

நீ மூன்று வயதில் வெடிச்சத்தத்துக்குப் பயந்து காய்ச்சலில் கிடந்தபோது என்ன செய்தோம்? ரயில் பாதையோரம் ஆலமரத்தடி முனீஸ்வரர் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் மந்திரித்தோம். பூசாரி திருநீறு ஊதி, கையில் கறுப்புக் கயிறு கட்டினார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாய். பயந்த பிள்ளைக்கு நாம் வேறு என்ன செய்வோம்? எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். "என்னங்க, காரை எடுங்க, கோயிலுக்குப் போவோம்" என்றேன். "நாய்க்கு மந்திரிக்கப் போறியா?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார். உனக்குப் போன் பண்ணவில்லை. பண்ணினால் இங்கிலீஷில் திட்டுவாய்.

துண்டில் சுற்றித்தான் அவளைத் தூக்கினேன். முதல்முறை தூக்குகிறேன், அவள் இதயம் என் விரல்களில் அடிக்கிறது. பூசாரி நல்ல மனுஷன். "நாய்க்கா, அக்கா?" என்று தலையைச் சொறிந்தார். "உள்ளாற வேணாம். நான் கார்கிட்ட வரேன்" என்று திருநீறும் கயிறும் எடுத்துக்கொண்டு வந்தார். நான் காரின் கதவைத் திறந்தேன். அந்தச் சமயம் பார்த்து மரத்துக்கு அந்தப் பக்கத்தில் திருவிழாவுக்குப் பழகுகிற பையன்கள் உறுமியை இழுத்தார்கள். உனக்குத்தான் தெரியுமே அந்தச் சத்தம், நமக்கே வயிற்றுக்குள் போகும். என் மடியில் இருந்தது துண்டு மட்டும்தான். அவள் ரோட்டைத் தாண்டி, ஒரு லோரி பிரேக் போட, ரயில் வேலியோரம் லாலான் புல்லுக்குள் போய்விட்டாள்.

நான் கத்தினேன். வேறென்ன தெரியும் எனக்கு? "கோப்பி, கோப்பி" என்று செருப்பை விட்டுவிட்டு வேலியோரம் ஓடினேன். நான் கூப்பிடக் கூப்பிட, புல் அசைவது தூரமாகிக்கொண்டே போனது. கடைசியில் அசைவும் நின்றது. உன் அப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "கத்தாத. உன் சத்தத்துக்குத்தான் ஓடுது" என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறவளை என் சத்தத்தாலேயே இன்னும் துரத்திக்கொண்டிருந்தேன். உறுமிக்காரப் பையன்கள் தேட வருகிறோம் என்றார்கள், நான் வேண்டாம் என்றேன். பாவம், முகம் செத்துப்போய் நின்றார்கள். மேளத்தை உறைக்குள் போட்டுக் கட்டிவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்கள்.

பூச்சோங் ஆன்டி போனில் ஒன்றுதான் சொன்னாள். "கடைசியா எங்க பார்த்தீங்களோ அங்கயே உக்காருங்க அக்கா. வீட்ல எப்படி உக்காருவீங்களோ அப்படி."

உட்கார்ந்தேன், தம்பி. கோயிலுக்குக் கட்டின பட்டுப்புடவையோடு, ரயில் வேலிக்கு முதுகைக் காட்டி, ரோட்டோரப் புல்லில். உன் அப்பா பக்கத்தில் ஒரு கடைக்குப் போய் ஒரு பொட்டலம் நெத்திலி வாங்கி வந்து மடியில் போட்டுவிட்டு, ரோட்டின் அந்தப் பக்கம் காரில் சாய்ந்து நின்றுகொண்டார். நான் நெத்திலி கிள்ள ஆரம்பித்தேன். கார்கள் போகின்றன, என்னைப் பார்த்து மெதுவாகின்றன. ஒரு மலாய்க்காரத் தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "மக்சிக், கெனாபா?" என்றான், ஆன்டி, என்ன ஆச்சு என்று. "துங்கு அஞ்சிங்" என்றேன், நாய்க்குக் காத்திருக்கிறேன் என்று. புல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மோட்டாரை முடுக்காமல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போய், அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணினான். நான் கிள்ளினேன், பின்னால் போட்டேன். மெல்லப் பேசினேன். குசினியில் விட்ட கதையை விட்ட இடத்திலிருந்து சொன்னேன். தூறல் வந்து, நின்று, மறுபடி வந்தது. ரயில் போனது. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தூங்கினேனா என்றுகூடத் தெரியாது. ரோடு ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் உன் அப்பா நிற்கிறார். ரொம்ப நாளாக அங்கேயே நிற்பவர் மாதிரி இருந்தது.

மசூதியில் மக்ரிப் பாங்கு சொல்லி, கோயிலில் விளக்குப் போட்டார்கள். நெத்திலி தீர்ந்துவிட்டது. வெறும் விரலைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் என்ன சொல்வேன் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பயந்து ஒளிந்த ஒரு உயிரை நம்பி என்னிடம் விட்டுப்போனாய், நான் அதை ரயில் பாதையில் தொலைத்துவிட்டேன் என்றா சொல்வேன்? அப்போது உன் அப்பா கையைத் தூக்கினார். முழுசாகக்கூட இல்லை, மார்பு உயரத்துக்கு. அசையாதே என்று அர்த்தம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து நனைந்த புடவைக்கு மேல் முதுகில் ஒரு சூடு. முதலில் லேசாக, பிறகு பாரமாக. அவள் தன் முதுகை என் முதுகில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் நடுக்கம் என் எலும்பில் தெரிந்தது, அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் தாடையில் வழிந்து கீழே சொட்டுகிறது, துடைக்கக் கையைத் தூக்கினால் ஓடிவிடுவாளோ என்று அதையும் துடைக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் உன் அப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழைத்தண்ணீராம்.

பூசாரி கயிற்றோடு மெல்ல வந்து, தள்ளியே நின்றார். "அக்கா, அதுக்கு வேணாம். நீங்க கைய நீட்டுங்க" என்று எனக்குக் கட்டிவிட்டார். அடுத்த தடவை வந்தபோது நீ என் மணிக்கட்டைப் பார்த்து, "என்னம்மா கறுப்புக் கயிறு?" என்றாய். "சும்மா, கோயில்ல கட்டினாங்க" என்றேன். அதுதான் இது.

அன்றிலிருந்து அவள் என் நிழல். நான் படுத்தால் என் கைலிமேல் படுப்பாள். குளிக்கப் போனால் கதவடியில் மூக்கை வைத்திருப்பாள். உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதனால் நேற்று நீ கேட்டபோது எனக்கு ஒரு பதில் தயாராகவே இருந்தது. "நான் இல்லன்னா அவ செத்துருவாடா" என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் நீ நம்பியிருப்பாய், நீ கட்டிக்கொள்ளப் போகிற ரீத்தாவும் நம்பியிருப்பாள், கோப்பி எனக்கே இருந்திருப்பாள். சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன்.

போன மாதம் நீயும் ரீத்தாவும் வந்து இந்த ஹாலில் தரையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். குசினிக்கு முதுகைக் காட்டி. அந்தப் பெண் பேசினாலே பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும். முதலில் அதை ஒரு குறையாக உன் அப்பாவிடம் சொன்னவள் நான்தான். நீங்கள் வேலையில் மூழ்கிப்போயிருந்தீர்கள். இன்றைக்கு அடிக்கிற இதே மழை வெளிச்சம். கோப்பி மேசைக்கு அடியிலிருந்து வந்தாள். ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்து, உன் குதிகாலை முகர்ந்தாள். ரீத்தாவின் பின்னல் நுனியை முகர்ந்தாள். அப்புறம் உன் சட்டை நுனி தரையில் பட்டுக் கிடந்த இடத்தில் தாடையை வைத்துப் படுத்தாள். நீ எதற்கோ சிரித்தாய், அவள் எழுந்து ஓடவில்லை. கண்ணை மூடினாள். நான் குசினித் திரைக்குப் பின்னால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். உனக்குக் கால் மரத்துப்போய் அசைத்தாய், அப்போதுதான் போனாள். உனக்கு ஒன்றும் தெரியாது. கிளம்பும்போது நீ என்னிடம் சொன்னாய், "அம்மா, இன்னும் எங்கிட்ட வரமாட்டேங்கிறா பாருங்க." நான் சொன்னேன், "ஆமாப்பா, அவளுக்கு நான்தான்."

அந்த வார்த்தையோடு ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வந்தாள், தம்பி. உன்னிடம் வந்தாள். நான் பார்த்தேன், சொல்லவில்லை.

அதனால் பதில் இதுதான். கூட்டிக்கொண்டு போ. பயந்து என் முதுகுக்குப் பின்னாலேயே ஒருத்தி கடைசிவரை கிடக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டால், ரயில் வேலியோரம் நான் உட்கார்ந்ததற்கு அர்த்தம் இல்லை. இன்னொரு முதுகையும் நம்பலாம் என்று அவள் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஆனால் வந்து தூக்கிக்கொண்டு போகக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை சனிக்கிழமை முடியுமோ அத்தனைக்கும் ரெண்டு பேரும் வாருங்கள். தரையில் உட்காருங்கள். அவளைக் கூப்பிடாதே, பார்க்காதே, போனைத் தூக்கிப் படம் பிடிக்காதே. செராஸ் வீட்டில் அவள் எங்கே ஒளிந்தாலும் அந்த இடத்தை அவளுக்கு விட்டுவிடு. என் கைலியையும் எடுத்துப் போ, துவைத்துவிடாதே. ரீத்தாவுக்கும் புது வீடு, புது மனுஷர்கள். அவளும் சில நாள் வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் உட்காருவாள். "என்ன, என்ன" என்று முகத்துக்கு முன்னால் போய் நின்று குடையாதே. பக்கத்தில் ஏதாவது ஒரு வேலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார், வெங்காயம் உரித்தாலும் போதும். நாயையும் பெண்டாட்டியையும் ஒன்றாகப் பேசுகிறாளே என்று அவள் கோபித்தால், மாமியாருக்கு உலகத்தில் தெரிந்த ஒரே பாடம் இதுதான் என்று சொல்.

நீங்கள் அவளைக் கூட்டிப் போகிற நாளில் நான் வாசலுக்கு வர மாட்டேன். வந்தால் கத்திக் கூப்பிட்டுவிடுவேன், என் வாயை எனக்குத் தெரியும். காரில் ஏற்றுவதை அப்பா பார்த்துக்கொள்வார். நான் பின்பக்கக் குசினியில் பேசினை வைத்துக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி நெத்திலி கிள்ளிக்கொண்டிருப்பேன். "போயிட்டு வரோம்மா" என்று சொல்லத் தேடி வராதே. சத்தம் இல்லாமல் போய்விடு.

அப்புறம் ஏதாவது ஒரு மத்தியானம், மழை விட்ட நேரமாகப் பார்த்து, ரெண்டு பேரும் அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். கிரில் கதவு சும்மாதான் சாத்தியிருக்கும். அம்மா என்று கூப்பிடாதே. உள்ளே வந்து எனக்குப் பின்னால் உட்கார். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். முதுகில் சூடு தெரிந்ததும், நீதான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அம்மா